விருந்தாளி கேட்கும் மூன்று கேள்விகள்

காஞ்சிபுரத்திலும் ஏனாத்தூர்ச் சுற்றுவட்டாரத்திலும் சிறு விடுதி நடத்துகிற, நடத்தப் போகிற உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம்.

நம் ஊரில் தங்குவதென்றால் முன்பெல்லாம் சன்னதித் தெருச் சத்திரம், பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜ், கல்யாண மண்டபத்து மாடி அறை, இவ்வளவுதான். இப்போது பத்துப் பன்னிரண்டு அறைகளோடு, தூண் வைத்த தாழ்வாரமும் முற்றமும் பித்தளை உருளியில் மிதக்கும் பூவுமாகச் சிறு விடுதிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பூட்டிக் ஓட்டல் என்று பலகை வைக்கிறீர்கள். எனக்கு இதில் மனதார மகிழ்ச்சி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்து, பிழைப்புக்காக வெளியூர்களில் அலைந்து, இப்போது ஏனாத்தூரில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நிறைவேற்றக்கூடியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரிய நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவர் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிடுவார். பத்து அறை விடுதியில் அப்படி நடக்காது. பையை இறக்கி வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்து நிற்பார். தெரியாத ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அவர் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்வி. கோயில் எப்போது திறந்திருக்கும்? நல்ல பட்டு எங்கே எடுக்கலாம்? சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்? நீங்கள் சொல்லும் பதிலை நம்பி அவர் வாசல்படி இறங்குகிறார். அந்தப் பதிலை எவருக்கும் விலை பேசி விற்காதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

கோயிலில் தொடங்குகிறேன். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குக் காரில் கிளம்பும் குடும்பம் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டிப் பத்தரை மணிவாக்கில் வந்து சேரும். காமாட்சி அம்மன் கோயில் வரிசையில் நின்று வெளியே வரும்போது உச்சிவெயில். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு விரைந்தால் நடை சாத்தும் நேரம். அதற்குப் பிறகு மாலை நான்கு மணியை ஒட்டித்தான் நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் மறுபடி திறக்கும். கைக்குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அந்த மூன்றரை, நான்கு மணி நேரத்தை எங்கே கழிப்பார்கள்? காந்தி ரோட்டில் ஏ.சி. போட்ட பட்டுக் கடையில்தான். அங்கே உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. புடவை எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களும் எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மாலையில் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திகிரிப் படி ஏறி இறங்கிவிட்டு இருட்டுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். 'காஞ்சிபுரம் பார்த்தாயிற்று' என்பார்கள். கைலாசநாதர் கோயிலை அவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் விடுதியில் இரவு தங்குகிறவருக்கு இந்த நெருக்கடி கிடையாது. அவருக்கு விடியற்காலை ஒன்று கிடைக்கிறது. கிழக்கு பார்த்த கைலாசநாதர் கோயிலின் மணற்கல் மீது இளவெயில் விழும் நேரத்தில் அங்கே போகச் சொல்லுங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பியது. சுற்றுமதிலின் உட்புறம் வரிசையாக 58 சிறு சன்னதிகள் இருக்கின்றன. சிலவற்றின் சுவரில் பழைய சுதைப்பூச்சும் அதன்மேல் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டம் இல்லாதபோதுதான் அவை கண்ணில் படும். அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில். நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது. மூன்று தளங்களில் பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சி தருவது பக்தர்களுக்குத் தெரியும். சுற்றுத் தாழ்வாரச் சுவரில் பல்லவ குலத்தின் வரலாறே சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? வாரிசில்லாமல் போன நாட்டுக்குச் சிறுவனாக இருந்த நந்திவர்மனைத் தேடி அழைத்துவந்து அரசனாக்கிய கதை அங்கே கல்லில் இருக்கிறது. பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு இதை மட்டும் சொல்லி அனுப்பினால் போதும், அந்தப் பிள்ளைகள் சுவரை விட்டு நகர மாட்டார்கள்.

ஊருக்குச் சற்று வெளியே திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. நாம் ஜைன காஞ்சி என்று சொல்லும் இடம். அங்குள்ள கோயிலில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியமாக இருக்கிறது. விழாக்களும் உண்டு. சித்திரைப் பௌர்ணமியில் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வார். ஆண்டு முழுதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் மண்டபத்துக்கு, தண்ணீரை இறைத்துவிட்டுப் படியிறங்கிச் செல்லும் விழா அது. வைகாசி கருட சேவைக்கு விடியும் முன்பே சின்ன காஞ்சிபுரம் நிறைந்துவிடும். இவற்றையெல்லாம் சொல்ல வேண்டுமானால் நீங்களும் உங்கள் வரவேற்பு மேசைப் பிள்ளைகளும் ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்புங்கள். அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். பஞ்சாங்கமும் அந்த மாத உற்சவப் பட்டியலும் மேசை மேல் இருக்கட்டும்.

இனி பட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை குடும்பம் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தது. என் வீட்டில் இடம் போதாது என்று அவர்களில் சிலர் ஒரு சிறு விடுதியில் தங்கினார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. மறுநாள் காலை நான் போவதற்குள், 'நம்ம ஆட்டோ இருக்கு, நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போவாரு, கடை விலையில பாதிதான்' என்று சொல்லி அனுப்பிவைத்துவிட்டார்கள். போன வீட்டின் முன்னறையில் ஒரு தறி, பின்னறை முழுக்கக் கடை. அசல் கோர்வை, வெள்ளி ஜரிகை என்று சொல்லி வாங்கிய புடவைகளை என் உறவினரான வயதான நெசவாளர் ஒருவர் விரித்துப் பார்த்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, 'பட்டுதான். கைத்தறி இல்லை, ஜரிகையும் அசல் இல்லை' என்றார். என் தங்கைக்குப் பணம் போனதைவிட, சொந்த ஊரில் ஏமாந்ததுதான் ஆறவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆட்டோக்காரர், கார் ஓட்டுநர், வழிகாட்டி, விடுதி என்று யார் ஆளை அழைத்து வந்தாலும் பில் தொகையில் ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. வாங்குகிறவர் தலையில் விலையாக ஏறும், இல்லையென்றால் நெய்கிறவர் கூலியில் குறையும். பெரும்பாலும் இரண்டும் நடக்கின்றன. அசல் சரக்கில் அவ்வளவு பங்கு கொடுக்க இடமிருக்காது. அதனால் கமிஷன் அதிகம் கிடைக்கும் கடையில் போலிச் சரக்கு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் வாங்கும் கமிஷன், விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்பவருக்கு நீங்கள் செய்யும் ஒத்தாசை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் தறிக் குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்து முதுகு வளைந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால் இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் மூன்று நாடா ஓட வேண்டும். ஒருபக்கத்து நாடாவைப் போட நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது மனைவியோ மகனோ மகளோதான். ஒவ்வோர் ஊடையும் உடலைக் கடந்து கரையின் இழையோடு கோத்துக்கொண்டு திரும்பும். முந்தி வேறு நிறமென்றால் அந்த இடத்தில் பாவையே மாற்ற வேண்டும். பழைய இழைகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைக்கும் பொறுமை வேண்டும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்தும், கூட்டுறவுச் சங்கங்களுக்காக நம் ஊரிலேயே இருக்கும் அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலையிலிருந்தும் வருகிறது. சாயம் போடுகிறவர், பாவு போடுகிறவர், நூல் சுற்றும் பெண்கள் என்று ஒரு புடவைக்குப் பின்னால் பல வீடுகளின் உழைப்பு இருக்கிறது. வேலைப்பாட்டைப் பொறுத்து நெய்து முடிக்கப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சட்டமும் குறியீடும் இருந்தென்ன? விருந்தாளி நம்புவது ஏட்டில் இருக்கும் விதியை இல்லை, உங்கள் வாய்ச்சொல்லை.

ஆகவே, 'பட்டு எங்கே எடுக்கலாம்' என்று கேட்டால் கூட்டுறவுச் சங்கங்களை முதலில் சொல்லுங்கள். அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் என்று நம் ஊரில் சங்கங்கள் பல உண்டு. அங்கே விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது, ஆள் பிடித்துத் தருவோருக்குப் பங்கும் கிடையாது. தனியார் கடைகளிலும் நேர்மையானவை உண்டு. அவற்றையும் சொல்லுங்கள், ஆனால் அங்கிருந்து ஒரு காசும் வாங்காத நிலையில் சொல்லுங்கள். கைத்தறி முத்திரையும் சில்க் மார்க்கும் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து அறையில் வையுங்கள். பில்லில் 'கைத்தறி' என்றும் ஜரிகையின் தரத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கும்படி வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து அவர் எழுந்து வந்துவிடுவார்.

தறியைப் பார்க்க வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் நெசவாளருக்குக் கூலி புடவைக் கணக்கில்தான். விருந்தாளி நின்று படம் எடுத்துக் கேள்வி கேட்கும் அரைமணி நேரமும் தறி நிற்கும், கூலியும் நிற்கும். எனவே எந்த நேரத்தில் வரலாம் என்பதை அந்த வீட்டாரே சொல்லட்டும். அந்த நேரத்துக்கு ஒரு தொகையை முன்கூட்டியே பேசி, விருந்தாளியின் பில்லில் சேர்த்து, அன்று மாலையே நெசவாளர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டில் புடவை வாங்கியே தீர வேண்டும் என்ற தர்மசங்கடம் இரு தரப்புக்கும் இருக்கக் கூடாது. வரவேற்பறையில் அழகுக்காகத் தறி வைப்பதைச் சில இடங்களில் பார்க்கிறேன். வைப்பதென்றால் மாதச் சம்பளத்துக்கு ஒரு நெசவாளரை அமர்த்தி, அதில் உண்மையாகப் புடவை நெய்யச் செய்யுங்கள். நெய்யாத தறியைக் காட்சிக்கு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் இல்லாமல் தறிகள் நின்றுபோன வீடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அவர்கள் கண்ணில் அந்தக் காட்சித் தறி என்ன சொல்லும் என்று யோசியுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் பழைய வீடு தேடிப் பிள்ளையார்பாளையம் பக்கமும் ராஜவீதிகளின் பின் தெருக்களிலும் சுற்றுவதாகக் கேள்விப்படுகிறேன். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தடித்த சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, முற்றம் மூன்றும் சேர்ந்து அக்கினி நட்சத்திரத்திலும் வீட்டைத் தாங்கக்கூடிய சூட்டில் வைத்திருக்கும். அந்த முற்றத்தைக் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடாதீர்கள். மூடிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் எல்லா அறைக்கும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் உள்ளே தங்கும் ஈரம் சுவரையே தின்றுவிடும். திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணுவது வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டரைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். நீச்சல் குளத்துக்காக ஆழ்துளைக் கிணறு போட்டு அடுத்த வீட்டுக் கிணற்றை வற்ற வைக்காதீர்கள். இந்த ஊரில் விருந்தாளிக்கு நீச்சல் குளம் தேவையில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுங்கள், வேகவதி ஆறு ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்குத் தாங்கிவிட்டது.

இன்னொன்று, வெளியூர் முதலாளிகளுக்குத் தெரியாதது. நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டிச் சீராக்க வேண்டும். அந்தத் தெருவே அவர்களுடைய பட்டறை. உங்கள் விருந்தாளிகளின் கார்கள் இரவில் அங்கே நிறுத்தப்பட்டுக் காலை ஒன்பது மணிவரை நகராமல் இருந்தால் அன்றைக்கு அந்தத் தெருவில் வேலை கெடும். கார் நிறுத்த வேறு இடம் பிடித்துவிட்டுத்தான் அப்படிப்பட்ட தெருவில் விடுதி தொடங்க வேண்டும்.

பழைய வீட்டை விடுதியாக்கி நன்றாக நடத்தியதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' இரண்டும் செட்டிநாட்டு வீட்டையும் செட்டிநாட்டுச் சமையலையும் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. புதுச்சேரியில் தமிழர் வீடுகள் நிறைந்த வைசியாள் வீதியின் சீரமைப்புக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. தனி வீட்டைப் பார்க்காமல் தெரு முகப்பையே மீட்டார்கள் என்பதுதான் அதில் நமக்குப் பாடம். எச்சரிக்கைக்கு இலங்கையின் காலி கோட்டையைச் சொல்வேன். 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கோட்டைக்குள் வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோய் விடுதிகளும் கடைகளுமாயின. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியே போய்விட்டன. சுவர்கள் அழகாக இருக்கின்றன, அக்கம்பக்கம் கலைந்துவிட்டது. நம் ஊரில் அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால், முடிந்த மட்டும் வீட்டை விலைக்கு வாங்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு எடுங்கள். உரிமையாளர் குடும்பம் ஒரு பகுதியில் தொடர்ந்து குடியிருக்கட்டும். சொந்த வீட்டில் ஆறு அறை வரை வாடகைக்கு விடுவதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமே இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. ஒரு நெசவாளர் குடும்பம் தானே இரண்டு அறை போட்டு நடத்த முன்வந்தால், போட்டி என்று பார்க்காமல் கைகொடுங்கள். உங்களிடம் இடமில்லாதபோது விருந்தாளியை அங்கே அனுப்புங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலை உணவில் ரொட்டியும் ஜாமும் இருக்கட்டும், கேட்பவர்களுக்கு. ஆனால் காஞ்சிபுரத்தில் தங்கியவர் காஞ்சிபுரம் இட்லி சாப்பிடாமல் போனால் அது நம் குறை. மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுப்பது. வரதராஜர் கோயில் பிரசாதமாகப் பேர் பெற்றது. டம்ளரில் ஊற்றி அரைமணியில் அவித்து எடுத்ததை அந்தப் பெயரில் பரிமாறாதீர்கள். தினமும் முடியாதென்றால் வாரம் ஒருநாள் உண்மையானதைச் செய்யுங்கள். அதைச் செய்யத் தெரிந்த பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை வரவழைத்து, மரியாதையான கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

வாடகை விஷயம். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது நினைவிருக்கும். 1979-க்குப் பிறகு 40 ஆண்டு கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்த பெருமாளைப் பார்க்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வந்தார்கள். அப்போது தங்க இடம் இல்லாமல் மக்கள் பட்ட பாட்டையும், கேட்டதைக் கொடுத்துத் தங்கியவர்கள் பட்ட வருத்தத்தையும் நாம் கண்ணால் பார்த்தோம். திண்ணையைத் திறந்துவிட்டு மோர் ஊற்றிய வீடுகளையும் பார்த்தோம். விழா நாளில் வாடகை கொஞ்சம் கூடுவது வியாபாரத்தில் இயல்பு. உச்ச வாடகை இவ்வளவுதான் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிட்டு, கருட சேவை ஆனாலும் முகூர்த்த நாள் ஆனாலும் அதைத் தாண்டாதீர்கள். விருந்தாளிகளை ஏற்றிவரும் ஓட்டுநர்களுக்குப் படுக்க ஓர் இடமும் குளிக்க ஒரு குளியலறையும் வேண்டும் என்பதைத் திட்டம் போடும்போதே நினையுங்கள். இரவெல்லாம் கொசுக்கடியில் காருக்குள் புழுங்கிக் கிடந்தவர் மறுநாள் உங்கள் விருந்தாளியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கிறது.

இப்போது ஏனாத்தூருக்கு வருகிறேன். எங்கள் பக்கம் விடுதி கட்ட நிலம் பார்க்கிறவர்கள் கோயிலையும் பட்டையும் மட்டுமே மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இங்கே வருகிறவர்கள் வேறு மாதிரி. 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இங்கே இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆந்திரத்திலிருந்தும் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், முதல் முறையாகப் பிள்ளையை விட்டுப் பிரியும் அந்த இரவில் எங்கே தங்குவது என்று தெரியாமல் பெட்டியோடு நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுக்கு வேண்டியது தூண் வைத்த தாழ்வாரம் இல்லை. சுத்தமான படுக்கை, வெந்நீர், தெலுங்கிலோ இந்தியிலோ நாலு வார்த்தை ஆறுதலாகப் பேச ஓர் ஆள், மாணவர் விடுதி வார்டனின் அலுவலக நேரம் தெரிந்த ஒருவர். பட்டமளிப்பு விழாவுக்குத் தாத்தா பாட்டியோடு வரும் குடும்பத்துக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும்.

அவர்களையும்விட அதிகமாக என் மனதில் இருப்பவர்கள் வேறு. பக்கத்தில் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று அதே நோயால்தான் மறைந்தார். அக்கம்பக்கத்து மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் அங்கே வருகின்றன. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் தொடரும். தினமும் கொடுக்கும் நேரம் சில நிமிடம்தான், ஆனால் தினமும் வந்தாக வேண்டும். எல்லோருக்கும் வார்டில் படுக்கை கிடைக்காது. கூட வந்தவர்கள் மரத்தடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் துணியை விரித்துப் படுப்பார்கள். பலர் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாமல் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. நம் ஊருக்கு வந்து மிக அதிக நாள் தங்க வேண்டியவர்கள் இவர்கள். தங்க மிகக் குறைந்த வசதி உள்ளவர்களும் இவர்கள்தான்.

வழிப்போக்கருக்குத் தங்க இடம் கொடுப்பதைத் தர்மமாகக் கருதிச் சத்திரம் கட்டியவர்களின் ஊர் இது. உங்களை நஷ்டத்துக்கு நடத்தச் சொல்லவில்லை. பத்து அறைக்கு ஓர் அறை, கீழ்த்தளத்தில், நாள் வாடகையில் சேராமல் வார வாடகையாக, பெரிய அலங்காரம் ஏதும் இல்லாமல், இந்த நோயாளிக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். அதில் ஓர் அடுப்பும் பாத்திரம் கழுவ ஒரு தொட்டியும் இருந்தால் நோயாளிக்கு வேண்டிய கஞ்சியை அவர்களே காய்ச்சிக்கொள்வார்கள். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் தரலாம் என்று ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். அறை காலியாக இருக்கும் நாட்களில் வேறு விருந்தாளிக்குக் கொடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு விடுதி செய்தால் அது தர்மம். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் அந்த மருத்துவமனைக்கு வருகிற பத்துக் குடும்பங்கள் எப்போதும் கூரைக்குக் கீழே இருக்கும். அடுத்த முறை நீங்கள் கூடிப் பேசும்போது இந்த ஓர் அறையைப் பற்றி முதலில் முடிவெடுங்கள். அறைக்கு வேண்டிய பாய், போர்வை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏனாத்தூரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஏனாத்தூர்வாசி ஒருவன்